வண்டிக்குத் தனி மீட்டர் வேண்டும்

மைசூருவில் மின்சார வண்டி வாங்க நினைப்பவர் முதலில் யோசிப்பது விலையை. அடுத்து, இரவில் அதை எங்கே சார்ஜ் போடுவது என்பதை. குவெம்பு நகரிலோ சரஸ்வதிபுரத்திலோ சொந்த வீடும் போர்டிகோவும் உள்ளவருக்கு அது எலக்ட்ரீஷியனின் ஒருநாள் வேலை. அடுக்ககத்தில் இருப்பவருக்கும் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அது முடிவில்லாத பஞ்சாயத்து. வீட்டிலேயே வண்டிக்கென்று தனி மீட்டரை, கேட்கும் எல்லோருக்கும் தாமதமின்றிக் கொடுப்பதே இதற்குத் தீர்வு. சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் இதைத் தன் கடமையாக ஏற்க வேண்டும்.

வண்டியை வீட்டில் சார்ஜ் செய்யத் தேவைப்படும் மின்சாரம் மலைக்க வைப்பதல்ல. வாட்டர் ஹீட்டருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் போதும். எட்டு மணி நேரத்தில் 26 யூனிட் வரை ஏறும். டியாகோ போன்ற சிறிய மின்சாரக் காரின் பேட்டரியே 19 அல்லது 24 யூனிட்தான். ஊருக்குள் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாலைந்து யூனிட் போதும். பெங்களூருவில் 2001இல் வந்த ரேவா மின்சாரக் காரும் வீட்டு பிளக்கில்தான் சார்ஜ் ஆனது.

சிக்கல் பில்லில் இருக்கிறது. வீடுகளுக்கு இலவச மின்சாரம் தர மாநில அரசு 2023இல் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில் ஒரு வீட்டின் இலவச அளவு, 2022-23இன் சராசரிப் பயன்பாட்டோடு பத்து சதவீதம் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் சலுகை அடியோடு போய்விடும்; முழு பில்லையும் கட்ட வேண்டும். மாதம் 180 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்று பெட்ரோல் ஸ்கூட்டரை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாளுக்கு ஒரு யூனிட் குடித்தாலும் மாதக் கணக்கு 210ஐத் தொட்டுவிடும். யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசு என்ற 2025 ஏப்ரல் கட்டணப்படி, நிலைக் கட்டணம் இல்லாமலே 1,200 ரூபாய்க்கு மேல் பில் வரும். 30 யூனிட்டுக்காக இந்தத் தொகை! பெட்ரோலை விட்ட குடும்பத்துக்கு இது தண்டனையேதான்.

மறுபக்கமும் உண்டு. அடுப்படி விளக்குக்கும் மின்விசிறிக்கும் அரசு தரும் இலவச மின்சாரம் காருக்குப் போவது நியாயமில்லை. தனி மீட்டர் இருந்தால் வீட்டுச் சலுகை வீட்டுக்கு, வண்டிக் கட்டணம் வண்டிக்கு என்று இரண்டும் ஒழுங்காகிவிடும்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இருக்கும் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் தெளிவாக்கியது. வண்டிக்குத் தனி இணைப்புப் பெறும் உரிமையை 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் தந்தன. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. வாடகைக்காரர் வீட்டுக்காரரின் தயவில் நிற்கும் நிலை இனி வேண்டாம்.

அடுக்ககச் சங்கங்கள் தீ விபத்தைச் சொல்லி அனுமதி மறுக்கின்றன. அந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. மெல்லிய வயர், எர்த் இல்லாத பழைய சாக்கெட், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் உண்மையாகவே ஆபத்து. ஆனால் தடை போட்டால் நடப்பது என்ன? பால்கனியிலிருந்து வயர் தொங்கும், ஆபத்து கூடும். மீட்டர் அறையிலிருந்து சரியான தடிமனில் தனி வயர், நல்ல எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இவை இருந்தால் போதும். புதிய கட்டடங்களில் ஐந்தில் ஒரு பங்கு நிறுத்துமிடத்தில் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019இல் மத்திய அரசின் மாதிரி விதி சொன்னது. பழைய அடுக்ககங்களுக்கு அது எட்டவில்லை.

மின் கழகத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. அலுவலகம் விட்டு வந்த எல்லோரும் மாலை ஏழு மணிக்கே பிளக்கைச் சொருகினால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறும். எந்தத் தெருவில் எத்தனை வண்டி என்பது தனி மீட்டர் இருந்தால்தான் கழகத்துக்குத் தெரியும். இரவு பதினொன்றுக்கு மேல் விலையைக் குறைத்தால் மக்கள் தாமே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

நாட்டிலேயே முதன்முதலில், 2017இல், மின்வாகனக் கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். வேகமாக சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையில் வந்துவிட்டன. அங்கே சேவைக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கின்றன. தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் அதை நம்பி வண்டி வாங்க மாட்டார். வீடுகள் காத்திருப்பது இங்கே பழைய கதை. சிவசமுத்திர நீர்மின் நிலையத்தில் 1902இல் காவிரி தந்த மின்சாரம் முதலில் கோலார் தங்க வயலுக்குப் போனது, 1905இல் பெங்களூருவுக்கு, 1908இல்தான் மைசூரு நகருக்கு. வசதியுள்ள இடத்துக்கு முதலில், வீடுகளுக்குக் கடைசியில் என்ற அந்த வரிசை இந்த முறையும் தொடரக் கூடாது.

ஸ்கூட்டரோ காரோ, வீட்டில் சார்ஜ் செய்யும் வண்டியின் யூனிட்களை கிருக ஜோதி கணக்கிலிருந்து விலக்கி மாநில அரசு ஆணையிட வேண்டும். விண்ணப்பித்த ஏழு நாளில் தனி மீட்டர், எந்த அடுக்ககச் சங்கமும் மறுக்க முடியாத அனுமதி, இணைப்புக்கு முன் இலவச வயரிங் சோதனை ஆகியவற்றை மின் கழகம் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.