கழுத்தும் ‘வாதம்’ என்னும் சொல்லும்

ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் பகுதியில் நான் குடியிருக்கிறேன். 1967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மின்னணுக் கழகத்தை உருவாக்கிய விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய இடம் இது. விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் இக்குடியிருப்பிலும், முடி திருத்தும் நிலையத்தில் வேலை முடிந்ததும் வந்தவரின் தலையை இரு கைகளாலும் பற்றி, இப்புறமும் அப்புறமும் வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்து அனுப்பும் வழக்கத்தைக் காண்கிறேன். அதற்குத் தனிக் கூலி இல்லை, உபசாரமாகச் செய்வது. பெரும்பாலோர்க்கு அதனால் உடனே தீங்கு நேர்வதில்லை. ஆயினும் சிலருடைய கழுத்தெலும்புகள் பிறவியிலேயே செவ்வையாக அமைந்திருப்பதில்லை. அவர்கள் யாவர் என்பது முடி திருத்துவோருக்கும் தெரியாது. பல வேளைகளில் அவர்களுக்கே தெரியாது.

நான் வைத்தியன் அல்லேன். அரசாங்க வெளியீடுகளைத் தமிழாக்கும் பணியில் சொற்களோடு பழகுபவன். ஆயினும் ஒரு சொல்லைத் தவறாக வழங்குவதால் ஒரு மனிதர் தம் கால்களை இழக்க நேரலாம் என்பதை உணர்ந்தே, கள ஊழியர்களும் ஆசிரியர்களுமாகிய வாசகர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

திருகையும் முளையும்

நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவது வளையம் போன்றது, மண்டையைத் தாங்குவது, அட்லஸ் எனப் பெயர் பெற்றது. இரண்டாவதாகிய ஆக்சிஸின் மேற்புறத்தில் பல் போன்ற ஒரு முளை எழுந்து அவ்வளையத்தினுள் முன்பக்கமாகப் பொருந்தி நிற்கிறது. திருகைக் கல்லின் நடு முளையைச் சுற்றி மேற்கல் சுழல்வது போல, இந்த முளையைச் சுற்றியே நாம் தலையைத் திருப்புகிறோம். முளை பின்னோக்கி நகர்ந்துவிடாதபடி உறுதியான இணைப்பு நார் ஒன்று அதனைக் குறுக்கே கட்டி வைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் செல்கிறது.

வளையத்தின் உட்புறத்தை மூன்று பங்காகக் கொண்டால் ஒரு பங்கு முளைக்கும், ஒரு பங்கு தண்டுவடத்துக்கும் உரியவை. மூன்றாம் பங்கு வெற்றிடம். அவ்வெற்றிடமே இயற்கை வைத்திருக்கும் சேமிப்பு. முளை சரியாக வளராமல் போகலாம். தனித்துப் பிரிந்து நிற்கலாம். அட்லஸ் மண்டையோடு ஒட்டிப் போகலாம். இரண்டாம் மூன்றாம் எலும்புகள் பிரியாமல் ஒன்றாகவே இருக்கலாம். இத்தகைய குறைகளால் எலும்பு இடம் பெயரும்போது முதலில் அச்சேமிப்பே செலவாகிறது. அதுவரை வெளியில் யாதொரு குறியும் தோன்றாது. பதினைந்து, இருபது, முப்பது வயது வரை ஓடியாடித் திரிந்தவர், ஒரு சிறு அதிர்ச்சிக்குப் பின்னரோ, காரணம் ஒன்றும் புலப்படாமலோ கால் தளரத் தொடங்குவதன் இரகசியம் இதுவே. பிறவிக் குறையாயினும், பிறந்த அன்று தெரியும் குறை அன்று.

நம் நாட்டார் கண்டவை

இத்துறையில் நம் நாட்டு வைத்தியர்களின் பங்கு சிறிதன்று. 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி அவர்களும், 1950ஆம் ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அவர்களும் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினர். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் பணியாற்றிய நோஷிர் வாடியா அவர்கள், பிறவியிலேயே அட்லஸும் ஆக்சிஸும் பிசகித் தண்டுவடம் கேடுற்ற நோயாளர் 28 பேரை ஆராய்ந்து, 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘பிரெயின்’ என்னும் சஞ்சிகையில் எழுதினார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் அவர்கள், பிசகிய அவ்விரு எலும்புகளையும் தகடும் திருகாணியும் கொண்டு பக்கவாட்டில் பிணைக்கும் முறையை 1994ஆம் ஆண்டில் லஹேரி அவர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒத்த முறையையும் இணைத்து, இருவர் பெயராலும் அது இன்று உலகெங்கும் வழங்குகிறது.

ஆகவே சிகிச்சை இல்லாத நோய் அன்று இது. ஆனால் நெடுங்காலம் நசுங்கிய தண்டுவடம் முழுமையாக மீள்வதில்லை. நோயாளி எப்போது வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

சொல் மறைக்கும் நோய்

வந்து சேர்வதற்குத் தடையாக நிற்பது எது? ‘வாதம்’ என்னும் சொல்லே என்பது என் கருத்து. இளம்பிள்ளை வாதம், பக்கவாதம், முடக்குவாதம் என்று காரணத்தாலும் போக்காலும் வேறுபட்ட நோய்கள் யாவும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்குகின்றன. கால் தளர்ந்த பிள்ளைக்கு ‘வாதம்’ என்று பெயரிட்டவுடன், அது விதி என்றும், எண்ணெய் தடவி உருவினால் போதும் என்றும் குடும்பத்தார் அமைந்துவிடுகின்றனர். சுளுக்கு வழிப்பவரிடம் கொண்டு சென்றாலோ ஆபத்து இன்னும் பெரிது.

நம் கள ஊழியர்கள் இளம்பிள்ளை வாதத்தை வென்ற பெருமைக்கு உரியவர்கள். 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. அதற்காக அவர்கள் பயின்றது, திடீரெனத் தோன்றும் துவண்ட வாதத்தைக் கண்டு அறிவிப்பதாகும். கழுத்தெலும்பு நெருக்குவதால் வரும் பலவீனமோ பெரும்பாலும் மெல்ல வருவது. கால்கள் துவளாமல் விறைப்பது. எனவே அந்த வலையில் இது சிக்காது.

எங்கள் மாநிலத்து நல்கொண்டா மாவட்டத்தில், குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடு எலும்புகளைத் தடிக்கச் செய்து பலரை முடக்கிய துயரம் நாடறிந்தது. அங்கே காரணம் நீர். இங்கே காரணம் பிறவி. தண்டுவடம் நெருக்கப்படுமானால் நடையில் தோன்றும் மாற்றமோ ஏறக்குறைய ஒன்றே. காரணத்தைத் தீர்மானிப்பது வைத்தியரின் கடமை. பெயரிட்டு முடித்துவிடாமல் அவரிடம் அனுப்புவது நம் கடமை.

காண வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

1912ஆம் ஆண்டில் பாரிஸில் கிளிப்பெல், ஃபெய்ல் என்னும் இருவர் விவரித்த அடையாளங்கள் மூன்று: குட்டையான கழுத்து, பிடரியில் மிகத் தாழ்ந்து இறங்கிய மயிர்க்கோடு, தலையைத் திருப்ப இயலாமை. மூன்றும் எல்லோரிடத்தும் சேர்ந்து காணப்படுவதில்லை. இவற்றோடு, முன்பு நன்றாக நடந்த மாணவன் காலை இழுத்து நடத்தல், செருப்பு கழன்றதை உணராமல் நடந்து செல்லுதல், பொத்தான் போடவும் எழுதவும் கை தடுமாறுதல், கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி, சிறிது அடிபட்டதும் கைகால் மரத்துப் பின் சரியாதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாது அனுப்ப வேண்டும்.

அத்தகைய பிள்ளையைக் குட்டிக்கரணம் போடச் சொல்லுதல் கூடாது. தலைச்சுமை ஏற்றுதல் கூடாது. சொடக்கு எடுத்தல் அறவே கூடாது. டவுன் குறைபாடுடைய குழந்தைகளுக்குக் கழுத்தின் இணைப்பு நார் தளர்ந்திருக்கக்கூடுமாதலால், வைத்தியரைக் கேளாமல் அவர்களை இவ்வகைப் பயிற்சிகளில் சேர்த்தல் தகாது. விளையாட்டில் விழுந்து கழுத்தில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல், தலையை அசையாது பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஒரு வரி போதும்

அரிய நோய் ஒன்றுக்காக ஏற்கெனவே சுமை மிகுந்த ஊழியர்மேல் மேலும் ஒரு சுமையா என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரை அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழுக்கள் பரிசோதிக்கின்றன. வளைபாதம், பிளவுபட்ட உதடு, இருதயக் குறை முதலிய பிறவிக் குறைகள் அதன் பட்டியலில் உள்ளன. கழுத்தெலும்புக்குத் தனி இடம் இல்லை. ‘கழுத்து குட்டையா, திருப்ப இயலுமா, நடை மாறியதா’ என்னும் ஒரு வரியை அப்பரிசோதனைத் தாளில் சேர்ப்பதற்குக் கருவி வேண்டா, செலவும் வேண்டா, பார்க்கும் கண் ஒன்றே வேண்டும்.

அவ்வரி சேரும் நாள் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் பிள்ளைகளின் நடையைக் காண்பவர் ஆசிரியர். வீட்டு வாயில் வரை செல்பவர் கள ஊழியர். இனித் தடுமாறும் கால் ஒன்றைக் காணும்போது ‘வாதம்’ என்று சொல்லி முடிக்குமுன், ஒருமுறை கழுத்தையும் பாருங்கள்.