கூரை யாருடையது?

வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியிற் பிடித்துவைத்தால் சட்டம் குறுக்கே வருமா என்று ஸ்பிரிங்வெளி அன்பர்கள் நம்மைக் கேட்கின்றனர். பெயரிலேயே ஊற்றைத் தாங்கிய ஊரில் இப்படியொரு கேள்வி பிறப்பது காலக் கொடுமைதான்.

சட்டம் குறுக்கே வராது. பொது ஏரி, பொது ஓடை ஆகியவற்றின் நீரையே 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டம் அரசின் ஆட்சிக்கு உட்படுத்துகிறது. தகரத்திலிருந்து வழியும் நீர் ஓடையன்று. அமெரிக்காவின் கொலராடோவில், ஆற்றுநீருக்கு முன்பாத்தியதை பெற்றோரின் பொருட்டு, மழை பிடிப்பதை நெடுங்காலம் தடுத்திருந்தனர். அங்கும் 2016இல் வீட்டுக்கு இரண்டு பீப்பாய் என இளகிவிட்டனர். நம் நாட்டிலோ 2007ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைத் திருத்தச் சட்டமும் 2009இல் வந்த ஒழுங்குவிதிகளும் நகரங்களில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பை விதித்திருக்கின்றன. தொட்டிக்கு மூடி மட்டும் மறவாதீர். நுளம்பு பெருகவிடுவது 2007ஆம் ஆண்டின் வேறொரு சட்டப்படி குற்றம்.

பள்ளத்து வயலுக்குரிய நீரை மேட்டிலிருப்பவன் பறிக்கலாமா என்று கமக்காரர் கேட்பது நியாயமே. கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். இருபது சதுர மீற்றர் லயக் கூரையில் ஒரு மாதத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 2,000 லீற்றர். அதிலும் பெரும்பகுதி புழங்கியபின் அதே மண்ணுக்கே திரும்புகிறது. 2014இன் இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியின் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றினவே! நீர்நியாயம் பேசுவோர் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருகிறது. அதே காற்றில் பீலி மெலிகிறது. கொழுந்து பறித்துத் திரும்பிய பெண்கள் குடத்தோடு காத்து நிற்கின்றனர். ஐப்பசியிலிருந்து தைவரை கொட்டும் மழையில் 5,000 லீற்றர்த் தொட்டியொன்று நிரம்பினால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லீற்றர் எடுத்தாலும் ஐந்து மாதம் தாண்டும். 1990களில் உலக வங்கியின் உதவியோடு நடந்த சமுதாய நீர்வழங்கல் திட்டம் இதே பதுளை மாவட்டத்தில் இத்தகைய தொட்டிகளை அறிமுகஞ் செய்தது.

பின் லயத்தில் ஏன் தொட்டி இல்லை? கூரை அவருடையதன்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தலைமுறை தலைமுறையாய் அக்காம்பிராவிற் பிறந்து இறந்தோர் கையில் மட்டும் உறுதி வரவில்லை. ஒரு பீலித்தகரம் அடிக்கவும் துரையின் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரத்தானுக்குக் கடமையாக்கப்பட்டது தோட்டத்தானுக்குச் சலுகையாய்க்கூடக் கிட்டவில்லை.

காணியுறுதி கிடைக்கும்வரை காத்திருக்க நாம் சொல்லமாட்டோம். லயத்தில் குடியிருப்போர் தம் கூரைக்குப் பீலியும் மூடிய தொட்டியும் அமைப்பதை எந்நிர்வாகமும் மறுக்கலாகாது என்று ஓர் ஒழுங்குவிதி போதும். மலையகப் பிரதிநிதிகள் அதனை அடுத்த ஐப்பசி மழைக்கு முன் பாராளுமன்றத்திற் கேட்டுப் பெறவேண்டும்.