வெட்கம் காக்காது; சொல்தான் காக்கும்!

"கண் எது? காது எது?" என்று கேட்டால், 3 வயதுக் குழந்தை தொட்டுக் காட்டும். பெற்றோர் பூரித்துப் போவார்கள். ஆனால், உடையால் மறைக்கும் உறுப்புகளுக்கு மட்டும் யாரும் பெயர் சொல்லித் தருவது இல்லை. குழந்தை கேட்டால், "சீ! பேசாதே" என்று வாயை அடைத்து விடுகிறார்கள்.

இதனால் வரும் கேடு என்ன?

ஒரு கயவன் அந்த இடத்தில் கை வைத்தால், குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. சொன்னால் அடி விழும் என்று பயப்படும். கயவனுக்கு வேண்டியது அந்த மவுனம்தான்!

100-க்கு 53 பேர்

2007-ல் இந்திய அரசு ஓர் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12 ஆயிரத்து 447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். 100-க்கு 53 பேர், ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பையன்களும் தப்பவில்லை. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்!

அதே 2007-ல்தான், மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய சில மாநிலங்கள், வளரும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிச் சொல்லும் பாடத்தைப் பள்ளிகளில் நிறுத்தின. "பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்" என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

தொடக்கப் பள்ளியில் தாம்பத்தியத்தைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. வயதுக்கு ஏற்றதைச் சொன்னால் போதும்.

என்ன சொல்ல வேண்டும்?

1-ம் வகுப்பில்: உடல் உறுப்புகளின் பெயர். குளிப்பாட்டும் தாயும், தாய் பக்கத்தில் இருக்கும்போது டாக்டரும் தவிர, யாரும் அங்கே தொடக் கூடாது. தொட்டால் கத்த வேண்டும், ஓட வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

5-ம் வகுப்பில்: பருவ மாற்றம். அந்த வயதிலேயே பூப்படையும் சிறுமிகள் உண்டு. முன்பே சொல்லாவிட்டால், ரத்தத்தைக் கண்டு "ஏதோ நோய்" என்று நடுங்கிப் போவார்கள்.

சட்டம் இருக்கிறது

2012-ல் "போக்சோ" சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இரு பாலருக்கும் அது காவல். குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணுக்கு, இரவு பகல் எந்நேரமும் காசு இல்லாமல் போன் செய்து உதவி கேட்கலாம்.

ஆனால், குழந்தை வாய் திறந்தால்தானே சட்டம் கண் திறக்கும்?

பள்ளியில் ஆசிரியர் சொல்லித் தந்தால் மட்டும் போதாது. வீட்டில் பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. "உன் மேல் தப்பு இல்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல், குழந்தைக்கு ஆயிரம் காவலருக்குச் சமம்!