மீற்றர் விளக்கு மங்கினால்...



எத்தாளையிலிருந்து பாலாவிச் சந்தி வழியாகப் புத்தளத்துக்கு இரவில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்: கல்பிட்டி வீதியில் கழுதை எங்கே நிற்கும், மாடு எங்கே குறுக்கிடும் என்று சொல்ல முடியாது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் காய்ச்சல் கண்ட பிள்ளையையும் அந்த வீதியால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறோம். வேகத்தையும் எஞ்சின் சூட்டையும் சாரதி ஒரே பார்வையில் கண்டுகொள்ள வேண்டும். மங்கிய மீற்றரை அவர் இரண்டு விநாடி உற்றுப் பார்த்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வேன் அதற்குள் 33 மீற்றர் தூரம் ஓடிவிடும்.

வெளிச்சம் போதவில்லை என்றதும் பலர் கூடிய வோட் பல்பைப் போடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய வேன்களின் மீற்றருக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரியும், 1 முதல் 3 வோட் வரையிலான சின்னப் பல்புகள். அதே உருவத்தில் 5 வோட் பல்பும் கடையில் கிடைக்கும். அதே குழியில் பொருந்தியும் விடும். ஆனால் இழைப் பல்பு எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகவே வெளிப்படுகிறது. மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு தங்கினால் பிளாஸ்டிக் இளகும். பின்புறத்து மெல்லிய செப்புத் தடங்கள் கருகும்.

பியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரிய பியூஸைப் போடவே கூடாது. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். பல வாகனங்களில் மீற்றர் விளக்குக்கும் பின் விளக்குக்கும் ஒரே பியூஸ்தான். அது போனால், பின்னால் வரும் லொறிக்கு உங்கள் வேன் தெரியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது கைபட்டு அது குறைந்திருக்கலாம். காசு செலவில்லாமலே காரியம் முடிந்துவிடும்.

அடுத்து, கடற்காற்றுப்படும் நம் ஊர்களில் பல்புக் குழியில் களிம்பு பிடிக்கும். பழைய பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்தும் போகும். களிம்பைச் சுத்தம் செய்து, அதே வோட்டில் எல்லாப் பல்புகளையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. சாவியை நிறுத்தி, பற்றரியின் கழித்தல் வயரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். காற்றுப்பை உள்ள வாகனமானால் வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

எல்.ஈ.டி. பல்புக்குக் குறைந்த மின்சாரமே போதும், சூடும் குறைவு. கூட்டல், கழித்தல் பக்கம் மாறினால் சில எரியாது. திருப்பிப் போட்டால் எரியும். ஆனால் பற்றரிப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கில் மட்டும் அதைப் போட வேண்டாம். பழைய வாகனங்களில் அந்தப் பல்பின் வழியாகச் செல்லும் மின்சாரம்தான் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை இயங்கத் தொடங்கச் செய்கிறது.

இன்னொன்று, மீற்றர் பளீரென்று எரிவதும் கெடுதிதான். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். கண்முன் கூசும் வெளிச்சம் இருந்தால் வெளியே நிற்பது தெரியாது. முன் கண்ணாடியிலும் அதன் நிழல் விழும். இலக்கம் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

ஆகவே சகோதரிகளே, மஃரிபுக்குப் பின் பயணம் போகுமுன் கணவரிடமோ மகனிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்: "மீற்றர் தெரிகிறதா? பின் விளக்கு எரிகிறதா?" அவர் சாவியைப் போட்டுப் பார்க்கும்போது, நீங்கள் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.