வராகனும் ரூபாயும்: மாற்று விகிதம் யாருடைய கணக்கு?

நாணய மாற்று என்ற சொல்லைக் கேட்டவுடன், அது துறைமுகப் பட்டினத்து ஏற்றுமதியாளரின் கவலை. தறியில் அமர்ந்தவருக்கும் ஏர் பிடித்தவருக்கும் அதனால் ஆவதென்ன என்று நம்மில் பலர் கருதுகின்றனர். அக்கருத்துச் சரியன்று. செஞ்சிச் சீமையின் வரலாறே அதற்குச் சான்று பகரும்.

விஜயநகரத்தார் காலத்திலும் செஞ்சி நாயக்கர் காலத்திலும் இங்குத் தலைமை பெற்றிருந்த நாணயம் பொன் வராகன். மொகலாயர் ஆண்ட வடநாட்டிலோ வெள்ளி ரூபாய்க்கே முதலிடம். 1698-இல் சுல்பிகார்கான் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய பின் இவ்விரண்டும் இம்மண்ணில் நெருங்கிச் சந்தித்தன. 1736-இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும், 1742-இல் சென்னை ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றனர். பொன்னிலும் பல வகை உண்டு. சென்னை நட்சத்திர வராகனைவிடப் பரங்கிப்பேட்டை வராகன் மாற்றுக் குறைந்தது. ஆகவே, கைக்கு வந்த நாணயத்தை நோட்டம் பார்க்கச் சராப்பிடம் செல்ல வேண்டும். அவர் பிடிக்கும் வட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வட்டத்தின் பாரம் எல்லோர்மீதும் ஒரே அளவாக விழவில்லை. 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன் என்பது சென்னைக் கணக்கு. ஆனால் கடைவீதியில் அக்கணக்கு நிலைத்து நிற்கவில்லை. மாற்று ஏறும், இறங்கும். பெரு வணிகர் பொன்னிலும் வெள்ளியிலும் வரவு செலவு செய்தனர். ஏழையின் முடிச்சில் இருந்ததோ செப்புக் காசு. செம்பின் மதிப்புச் சரிந்தபோது, வராகனில் விதித்த தீர்வையைச் செலுத்த அவன் அதிகக் காசு தேட வேண்டியதாயிற்று. விளைச்சல் குறையாமலே அவன் கடன்பட்டான்.

இக்குழப்பத்துக்கு முடிவு கட்டவென்று 1818-இல் சென்னை மாகாணத்துக்கு வெள்ளி ரூபாயே தலைமை நாணயம் ஆக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. நட்சத்திர வராகனில் இருந்த தூய பொன் ஏறத்தாழ 42 கிரெயின். புதிய ரூபாயில் இருந்த தூய வெள்ளி 165 கிரெயின். அவ்வாண்டில் அரசு வெளியிட்ட பொன் ரூபாய்க்கு 15 வெள்ளி ரூபாய் என்பது விலை. அதாவது பொன் ஒரு பங்குக்கு வெள்ளி பதினைந்து பங்கு. அவ்விகிதப்படி பார்த்தால் வராகன் ஒன்றுக்கு 3 ரூபாய் 13 அணா அளவில் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ 3 ரூபாய் 8 அணா. பொன்னைச் சேமித்து வைத்து அரசு விகிதத்தில் மாற்றியவருக்கு வராகனுக்கு 5 அணா நட்டம். வராகனில் கடனோ தீர்வையோ எழுதப்பட்டிருந்து வெள்ளியில் செலுத்தியவருக்கு அதே 5 அணா ஆதாயம். விகிதம் ஒன்றே, ஒருவருக்கு நட்டமானது மற்றவருக்கு இலாபம் ஆயிற்று.

அடுத்த நூற்றாண்டிலும் இதே பாடம் திரும்பி வந்தது. 1870-களுக்குப் பின் உலகில் வெள்ளி விலை வீழ்ந்தது. அதனுடன் ரூபாயும் வீழ்ந்தது. 1893-இல் பொது மக்கள் கொணரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நாணயச் சாலைகள் நிறுத்தின. பின்னர் ரூபாய்க்கு 16 பென்ஸ் என்ற விகிதம் நிலைபெற்றது. முதல் உலகப் போர் அதைக் குலைத்தது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் 18 பென்ஸ் என்று விதித்தது. புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் பழைய 16 பென்ஸ் விகிதமே வேண்டுமென வாதாடினார். அவர் வாதம் ஏற்கப்படவில்லை.

தென்னார்க்காட்டு வேர்க்கடலை புதுச்சேரித் துறை வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறி வந்த காலம் அது. ஒரு பவுன் விலைபோகும் சரக்குக்கு 16 பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் வரும். 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் வரும். 1 ரூபாய் 10 அணா 8 பை குறைந்தது. கடலையின் தரம் குறையவில்லை. ஆனால் அதே விகிதத்தால் கடல் கடந்து வந்த நயமான நூலும் சாயமும் நெசவாளருக்கு மலிவாயின. உழவரின் நட்டமும் நெசவாளரின் ஆதாயமும் ஒரே சட்டத்தில் பிறந்தன. இரு தொழிலாரும் கூடி நடத்தும் இயக்கம் இதை மறக்கலாகாது.

1993 மார்ச் முதல் ரூபாயின் மாற்றைப் பெரும்பாலும் சந்தையே நிர்ணயிக்கிறது. ரூபாய் தளரும்போது ஏற்றுமதித் துணிக்கு அதிக ரூபாய் வரும். வெளிநாட்டு எண்ணெய் விலையேறுவதால் கடலைக்கும் ஓரளவு ஆதரவு கிட்டும். ஆனால் சரிகைக்குரிய வெள்ளி உலகச் சந்தையில் டாலரில் விலை பேசப்படுவது; அதுவும் ஏறும். ஆதாயம் இடைத்தரகரிடம் தங்கி, ஏற்றம் மட்டும் தறிக்கு வருமானால், சராப்புக் கடை வேறு உருவில் திரும்பியதாகவே பொருள்.

ஆதலின் சங்கங்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். அயல் நாணயத்தில் பேசப்படும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் மாற்று விகிதத்தையும், அது மாறினால் வேறுபாடு யாரைச் சேரும் என்பதையும் எழுத்தில் பொறிக்க வேண்டும். அவ்விகிதத்தைச் சங்க அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் எழுத வேண்டும். மாற்றினால் வந்த ஆதாயத்தைத் தனித் தலைப்பில் வரவு வைத்து, கூலியிலும் போனசிலும் உறுப்பினருக்குப் பங்கிட வேண்டும். நட்டம் வரின் அதையும் மறையாது காட்ட வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் உறுப்பினருக்கு விளங்குமா என்று சிலர் ஐயுறலாம். நூல் நம்பரையும் பாவின் நீளத்தையும் மனக்கணக்காகவே சொல்பவருக்கு இது அரிதன்று. விளங்காதது கணக்கு அன்று. நம் கண்ணில் காட்டாத கணக்கே விளங்காதது. வராகன் காலத்து நெசவாளருக்கும் உழவருக்கும் கேட்பதற்குச் சங்கம் இல்லை. நமக்கு இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் கேட்போம்.