மலைக்கு ஜீப் வாங்குவோர் கவனத்துக்கு



அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக் கிராமங்களில் ராகி மூட்டை இறக்கவும், நோயாளியை ஏற்றிச் செல்லவும் ஃபோர் வீல் ஜீப்தான் கைகொடுக்கிறது. பழைய வண்டி ஓய்ந்தால், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பெங்களூரு பக்கம் செகண்ட் ஹேண்ட் தேடிப் போகிறோம். புது வண்டி விலை எட்டாதவர்களுக்கு அதுவே நியாயமான வழி.

ஆனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே குனிந்து, சேஸிஸில் துருவும் வெல்டிங் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் மண் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓட்டித் திருப்பினால் பல் சக்கரங்கள்தான் வீணாகும். முன்சக்கரம் இழுக்காத ஜீப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கர்நாடகப் பதிவு வண்டி என்றால், படிவம் 28-இல் என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த கார், ஜீப்புகளின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இதையெல்லாம் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மலை விவசாயிகள் இதற்காக அலையாதிருக்க, வெளிமாநில வண்டிகளின் பதிவு மாற்றத்துக்குத் தேன்கனிக்கோட்டையில் மாதம் ஒரு முகாம் நடத்தப் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை