பாடியவர் பெயர் என்ன? மார்த்தா வாஷ் தொடுத்த வழக்குகளை முன்வைத்துச் சில கருத்துகள்

துணைக்குரல் பாடகி ஒருவர் தனிப்பாடகியாக உயரும் கதையை நாம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் எழுதி வருகிறோம். மேடையின் பின்வரிசையில் நிற்கிறார்; பல்லாண்டு உழைக்கிறார்; ஒருநாள் யாரோ ஒருவரின் பார்வை படுகிறது; முன்வரிசைக்கு வருகிறார். அமெரிக்கப் பாடகி மார்த்தா வாஷின் வாழ்க்கை இவ்வார்ப்புக்குள் அடங்குவதில்லை. அவருடைய குரல் முன்வரிசையில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. பெயர்தான் அங்கே இல்லை. அப்பெயரை மீட்க அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

1953இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாஷ், தேவாலயப் பாடல்களில் குரலைப் பயின்றவர். 1970களில் டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்கு இசோரா ரோட்ஸுடன் இணைந்து துணைக்குரல் கொடுத்தார். 1980இல் இவ்விருவரும் ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’ என்ற பெயரில் ஃபங்க், டிஸ்கோ பாணியில் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். இரண்டு டன் எடை என்று தம் உடல்வாகைத் தாமே நகையாடிக்கொண்ட பெயர் அது. பின்னர் ‘வெதர் கேர்ல்ஸ்’ ஆயினர். டோனா சம்மர் உள்ளிட்டோர் பாட மறுத்த ‘இட்ஸ் ரெயினிங் மென்’ பாடலை இவர்கள் 1982இல் பாடினர். 1984இல் அது பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை சென்றது.

இத்தகைய வெற்றிக்குப் பின்னரும் அடுத்து நேர்ந்தது என்ன? 1990இல் ‘பிளாக் பாக்ஸ்’ என்னும் இத்தாலியக் குழு வெளியிட்ட ஹவுஸ் இசைப் பாடல்கள் பலவற்றில் ஒலித்தது வாஷின் குரல். காணொளியில் வாயசைத்தவரோ மெலிந்த உடல்வாகு கொண்ட மாடல் ஒருவர். அதே ஆண்டில் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ வெளியிட்ட ‘கோனா மேக் யூ ஸ்வெட்’ பாடலிலும் அதுவே நிகழ்ந்தது. 1991 பிப்ரவரியில் அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. மாதிரிப் பதிவுக்கென்று தாம் பாடிக்கொடுத்ததை எடுத்துக் கோத்து இறுதிப் பாடலாக்கிவிட்டனர் என்பது வாஷ் தரப்பின் முறையீடு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைப்பது நமக்குப் புதிதா? இந்தியத் திரையிசையே அதன்மீதுதானே நிற்கிறது? உண்மைதான். ஆகவேதான் வாயசைப்பைக் குற்றமென நான் கருதவில்லை. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாடலை நினைவுகூர்வோம். அதன் இசைத்தட்டில் பாடியவராக அச்சிடப்பட்டிருந்தது ‘காமினி’ என்ற கதாபாத்திரத்தின் பெயர். வானொலி நேயர்கள் விசாரித்த பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிப்பட்டது. நம் பின்னணிப் பாடகர்களுக்கு இன்றுள்ள மதிப்பு அவ்வாறு பெயர் வெளிப்பட்டதால் விளைந்தது. நடிகையின் முகமும் பாடகியின் பெயரும் ஒரே பாடலில் இணைந்து வாழ முடியும். பெயரை மறைப்பதே அநீதி.

இதே காலத்தில் நடந்த ‘மில்லி வனில்லி’ விவகாரத்தை ஒப்பிட்டால் வாஷின் பங்களிப்பு இன்னும் தெளிவாகும். தம் பாடல்களைத் தாமே பாடாத அவ்விருவரின் கிராமி விருது 1990 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. இசைத்தட்டு வாங்கியோருக்குப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் பின்னர் ஏற்பாடாயிற்று. அங்கே ஏமாற்றப்பட்டவராகக் கருதப்பட்டவர் நுகர்வோர். உண்மையில் பாடியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வாஷ் தொடுத்த வழக்குகள் அக்கேள்வியைத் திருப்பிப் போட்டன. இழப்புக்குள்ளானவர் பாடியவரே என்பதை அவை முன்வைத்தன.

விளைவுகள் கண்கூடானவை. பிளாக் பாக்ஸ் தொடர்பான வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, ஆர்சிஏ நிறுவனம் அவருக்குத் தனிப்பாடகியாகப் பதிவு ஒப்பந்தம் வழங்கியது. தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தனித்தொகுப்பை 1993இல் அவர் வெளியிட்டார். அதிலுள்ள இரு பாடல்கள் அமெரிக்க நடன இசைத் தரவரிசையில் முதலிடம் பெற்றன. 1994இல் சோனி நிறுவனத்துடன் ஏற்பட்ட தீர்வைத் தொடர்ந்து, காணொளியில் ஒலிக்கும் குரல் வாஷினுடையது என்ற குறிப்பைச் சேர்க்குமாறு எம்டிவியிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 1996இல் டாட் டெரியின் இசைத்தட்டு அட்டையில் மார்த்தா வாஷ், ஜோசலின் பிரவுன் ஆகிய இரு பெயர்களும் அச்சாயின. பிரவுனின் பழைய பாடலொன்றிலிருந்து எடுத்த குரல்தான் 1990இல் ‘ஸ்னாப்’ குழுவின் ‘தி பவர்’ வழியாக உலகெங்கும் ஒலித்தது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

பாடியதற்கு ஊதியம் பெற்றாயிற்றே, பெயர் எதற்கு என்று வணிகத் தரப்பு கேட்கக்கூடும். ஊதியம் ஒருநாள் உழைப்புக்கான விலை. பெயரோ அடுத்த வாய்ப்புக்கான வழி. கச்சேரிக்கு அழைப்பவர் யாரை அழைப்பார்? ஒப்பந்தம் பேசுபவர் யாரிடம் பேசுவார்? உலகம் கேட்ட பாடலைப் பாடியும், அதைத் தம் பாடலென்று சொல்லிக்கொள்ள இயலாதவரிடம் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. வாஷின் திறமை 1990க்கும் 1993க்கும் இடையில் திடீரென வளரவில்லை. குரலுக்கு உரியவர் யார் என்பது ஏற்கப்பட்டது, அவ்வளவே.

ஒருவரின் குரலைக் கணினி சில நொடிகளில் போலி செய்யும் காலத்திற்கு வந்துவிட்டோம். இனி ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைக்காமலேகூட ஒருவரின் குரலை எடுத்துக்கொள்ள முடியும். இதற்கான விதிகளை வகுப்போர் நுகர்வோரின் ஏமாற்றத்தை மட்டும் கணக்கில் கொண்டால், மில்லி வனில்லி விவகாரத்தின் பாடத்தோடு நின்றுவிடுவர். குரலுக்கு உரியவரின் இசைவு, பெயர், ஊதியம் ஆகிய மூன்றும் எழுத்தில் உறுதியாக வேண்டும். இசை வரலாறு எழுதும் நம் போன்றோருக்கும் இதில் கடமை உண்டு. ஒரு பாடலைக் குறிப்பிடும்போது குழுவின் பெயரோடு நிறுத்தாமல், பாடியவர் யார் என்பதையும் தேடி எழுதுவோம்.